மெமரி ஃபுல்... புது போன் விலையும் ஏறுது! பழைய போனைக் காப்பாற்ற என்ன வழி?

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிற எச்சரிக்கை உங்க போன்ல கடைசியா எப்போ வந்தது? 'இப்போதான்' என்பது உங்க பதில்னா, இந்தக் கட்டுரை உங்களுக்கானது. 'என் போன் 256 ஜிபி பாஸ், எனக்கு அந்தப் பிரச்னையே இல்லை' என்பவர்கள், ஊர்ல இருக்கிற அம்மாவோட போனை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. நீங்க புதுசு வாங்கினதும் உங்க பழைய போன் எங்க போச்சுன்னு அப்போ ஞாபகம் வரும்.

நம்ம வீடுகள்ல போனுக்கு ஓய்வே கிடையாது. மகன் கையிலிருந்து அம்மாவுக்கு, அம்மாகிட்டேருந்து பாட்டிக்கு, நடுவுல கொஞ்ச நாள் தம்பியோட ஆன்லைன் கிளாஸுக்கு என ஒரு 16 ஜிபி அல்லது 32 ஜிபி போன் ஏழெட்டு வருஷம் உழைக்கும். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி மாதிரியான ஊர்களில் இதுதான் நடைமுறை. (குரு பகவான் ஆலங்குடி இல்லீங்க, அது திருவாரூர் மாவட்டம். இது கீரமங்கலம் பூவுக்கும் வடகாடு பலாவுக்கும் பக்கத்துல இருக்கிற ஆலங்குடி.)

இதுவரைக்கும் இந்தப் பிரச்னைக்கு எல்லோரும் சொன்ன தீர்வு ஒண்ணுதான்: 'புது போன் வாங்கிடுங்க.' இப்போ அந்தத் தீர்வும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

விலை ஏன் ஏறுது?

போனில் படம், வீடியோ, ஆப் எல்லாம் தங்குவது ஃப்ளாஷ் மெமரியில். ஆப் ஓடும்போது பயன்படுவது ராம். இந்த ரெண்டு வகைச் சிப்பையும் உலகத்தில் பெருமளவு தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான். செயற்கை நுண்ணறிவுக்கான பிரமாண்ட டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக விழுங்க ஆரம்பித்ததும், லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கமே உற்பத்தி திரும்பியது. 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் மெமரி விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில், சாதாரண மக்களுக்கு மெமரி விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது.

இதில் அதிகம் அடிவாங்குவது விலை குறைந்த போன்கள். 80,000 ரூபாய் போனில் சிப் விலை கூடினால் நிறுவனம் கொஞ்சம் லாபத்தைக் குறைத்துச் சமாளிக்கும். 8,000 ரூபாய் போனில் குறைப்பதற்கு என்ன இருக்கு? ஒன்று விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மெமரியைக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் கட்டும் டேட்டா சென்டருக்கும் ஆலங்குடி சந்தைக்கு வருபவரின் மஞ்சப்பைக்குள் இருக்கும் போனுக்கும் இப்படி ஒரு தொடர்பு உருவாகிவிட்டது.

ஆக, கையில் இருக்கும் போன் இன்னும் ரெண்டு வருஷமாவது ஓடியாகணும். அதுக்கு முதல் தடை, நிரம்பி வழியும் ஸ்டோரேஜ்.

போட்டோ எடுக்க முடியலைங்கிறது மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. அதைவிடப் பெருசு நிறைய இருக்கு.

ஸ்டோரேஜ் அடியோடு நிரம்பிவிட்டால், சில போன்களில் எஸ்.எம்.எஸ் உள்ளே வருவதே நின்றுவிடும். எஸ்.எம்.எஸ் வரவில்லை என்றால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லை என்றால் பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் என ஒரு வேலையும் ஓடாது. பணம் அனுப்பும் ஆப் 'அப்டேட் செய்யுங்கள்' என்று அடம்பிடிக்கும். அப்டேட்டுக்கு இடம் இருக்காது. பிறகு கடையில் கியூ.ஆர் கோடு முன்னால் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

அரசு வேலைகளும் இப்போது போன் வழியாகத்தான். 100 நாள் வேலையில் தொழிலாளர்களின் வருகையை ஆப் மூலம் தினமும் இரண்டு முறை போட்டோ எடுத்துப் பதிவுசெய்வது, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. போட்டோ ஏறினால்தான் வருகை, வருகை இருந்தால்தான் கூலி. 100 நாளை 125 நாளாக மாற்றி 2025 டிசம்பரில் நிறைவேறிய புதுச் சட்டத்திலும் மொபைல் வழிக் கண்காணிப்பு இடம்பெற்றிருக்கிறது.

விவசாயிகளை எடுத்துக்கோங்க. பி.எம்.கிசான் தவணை வர இ-கே.ஒய்.சி முடித்திருக்க வேண்டும். முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே முடிக்கும் வசதி 2023 ஜூனில் வந்தது. ஆனால் அதற்கு பி.எம்.கிசான் ஆப்புடன் ஆதார் முக அடையாள ஆப்பும் தேவை, ஆக ரெண்டு ஆப். ஓய்வூதியதாரர்கள் வீட்டிலிருந்தே வாழ்நாள் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமான் வசதிக்கும் இதே கதைதான். அதற்கான போனில் 4 ஜிபி ராமும் 500 எம்பி காலி இடமும் இருக்க வேண்டும் என்று நிபந்தனையே இருக்கிறது. பேரனுடைய பழைய போனை வைத்திருக்கும் 75 வயது தாத்தாவுக்கு 500 எம்பி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியலில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டதை ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வளர்த்த தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அந்த மாதிரி நேரத்தில் போனில் இருக்கும் படம்தான் ஆதாரம். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வயலில் வெள்ளம் தேங்குவது போன்ற உள்ளூர் பாதிப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். அந்த மூணு நாளில் கேமரா 'இடமில்லை' என்று கைவிரித்தால் நஷ்டம் யாருக்கு? (ஆப்பில் முடியவில்லை என்றால் 14447 என்கிற உதவி எண்ணிலும் தகவல் சொல்லலாம். குறித்து வெச்சுக்கோங்க.)

இடத்தை அடைப்பது யார்?

16 ஜிபி போன் என்றால் 16 ஜிபியும் நமக்கில்லை. கிட்டத்தட்ட பாதியை ஆண்ட்ராய்டும் கம்பெனி போட்டுக்கொடுத்த ஆப்களும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் நம்ம குடித்தனம்.

அந்த மிச்சத்தைச் சாப்பிடுவதில் முதலிடம் வாட்ஸ்அப்புக்கு. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் 'தி வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியாவில் மூன்றில் ஒருவருடைய போன் தினமும் ஸ்டோரேஜ் நிரம்பித் திணறுகிறது, அமெரிக்காவில் அது பத்தில் ஒருவருக்குத்தான் என்றது அந்தச் செய்தி. காரணமாகச் சொல்லப்பட்டது, நம்முடைய 'குட்மார்னிங்' படங்கள். அதைத் தேடிப்பிடித்து அழிக்கவே கூகுள் தன் 'ஃபைல்ஸ்' ஆப்பில் தனி வசதி செய்தது.

ஆனால் பழியை எல்லாம் குட்மார்னிங் மேல் போடுவது நியாயமில்லை. ஒரு வாட்ஸ்அப் படம் சுமாராக 200 கேபி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 50 படம் வந்தாலும் 10 எம்பிதான். மாசத்துக்கு 300 எம்பி. அதே 8 எம்பி வீடியோ ஒன்று, தினமும் 5 குரூப்பிலிருந்து ஐந்து வீடியோ என்று கணக்குப் போடுங்க. மாசத்துக்கு 1.2 ஜிபி! ரோஜாப்பூ படம் அனுப்பும் பெரியப்பாவைவிட, ஃபார்வேர்டு வீடியோ அனுப்பும் தம்பிதான் நிஜ வில்லன். நாமே எடுக்கும் வீடியோ அதற்கும் மேல். ஃபுல் ஹெச்.டி-யில் ஒரு நிமிஷம் எடுத்தாலே 100 எம்பியைத் தாண்டும்.

முதலில் எதை அழிக்கணும்?

எல்லோரும் செய்யும் தப்பு, கேலரியைத் திறந்து ஒவ்வொரு போட்டோவாக அழிப்பது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து 200 போட்டோ அழித்தாலும் கிடைப்பது சொற்ப இடம்தான். அழிப்பதற்கும் ஒரு வரிசை இருக்கு.

முதலில் வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேலான ஃபைல்கள் தனியாகவும், பலமுறை ஃபார்வேர்டு ஆனவை தனியாகவும் அதுவே பிரித்துக் காட்டும். அங்கே பத்து நிமிஷம் செலவழித்தாலே கணிசமான இடம் வந்துவிடும். கையோடு 'ஆட்டோ டவுன்லோடு' பகுதியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்க. இனி நீங்க தொட்டால்தான் படமோ வீடியோவோ இறங்கும். வாரம் ஒருமுறை துடைப்பதைவிடக் குப்பை உள்ளே வராமல் தடுப்பது சுலபம்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் நீங்க அனுப்பிய படங்கள். கேலரியில் இருக்கும் படத்தை ஒருவருக்கு அனுப்பினால், அதற்கு இன்னொரு நகல் 'சென்ட்' ஃபோல்டரில் தங்கிவிடும். ஃபைல் மேனேஜரில் வாட்ஸ்அப் இமேஜஸ், வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டர்களுக்குள் இது இருக்கும். அசல் கேலரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகலை அழிக்கலாம்.

மூன்றாவது, டெலிகிராம். அதில் வந்தவை எல்லாம் அவர்களுடைய சர்வரிலேயே இருப்பதால் கேச்சை அழித்தாலும் நஷ்டமில்லை, வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். படம் பார்க்கிற ஆர்வத்தில் டெலிகிராம் ஒன்றே பல ஜிபி பிடித்திருப்பது ரொம்ப சகஜம். யூடியூபில் 'ஆஃப்லைன்' போட்டு மறந்துபோன வீடியோக்களையும் ஒரு பார்வை பாருங்க.

நான்காவது, ஆப்கள். எப்போதாவது மட்டும் தேவைப்படும் ஆப்களை அழிக்கவும் மனசில்லை என்றால், ப்ளே ஸ்டோரில் 'ஆர்க்கைவ்' வசதி இருக்கு. 2023-ல் வந்த இந்த வசதி ஆப்பின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, உங்க விவரங்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும். ஐகானைத் தொட்டால் ஆப் திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை. ஆப் செட்டிங்ஸில் 'க்ளியர் கேச்', 'க்ளியர் டேட்டா' என இரண்டு பட்டன்கள் அருகருகே இருக்கும். கேச் அழித்தால் ஒன்றும் ஆகாது. டேட்டாவை அழித்தால் ஆப்பைப் புதிதாகப் போட்ட மாதிரி ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அதைச் செய்தால், பேக்கப் எடுத்து வைக்காத சாட் எல்லாம் காலி. பணம் அனுப்பும் ஆப்பில் செய்தால் மறுபடி முதலிலிருந்து பதிவுசெய்ய வேண்டும்.

'க்ளீனர்' ஆப் போடலாமா?

வேண்டாம். 'ஒரே க்ளிக்கில் போன் சுத்தம்' என்று சொல்லும் ஆப்கள் தாமும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, விளம்பரத்தையும் கொட்டும். ஒரு காலத்தில் எல்லார் போனிலும் இருந்த 'க்ளீன் மாஸ்டர்' ஞாபகம் இருக்கா? அதைத் தயாரித்த சீட்டா மொபைல் நிறுவனத்தின் ஆப்களை 2020 பிப்ரவரியில் கூகுள் தன் ஸ்டோரிலிருந்து தூக்கியது. அதே ஆண்டு ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு தடைசெய்த 59 ஆப்களிலும் 'க்ளீன் மாஸ்டர்' இருந்தது. ஷேர்இட், ஸெண்டர், இ.எஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆகியவையும் அந்தப் பட்டியலில்தான். பழைய போன்களில் இவை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். இருந்தால் முதல் வேலையாகத் தூக்கிடுங்க. போனுக்கு போன் ஃபைல் அனுப்ப ஆண்ட்ராய்டின் 'க்விக் ஷேர்' போதும். இடத்தைக் கண்காணிக்க கூகுளின் 'ஃபைல்ஸ்' போதும்.

யாராவது வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே' ஃபைலாக அனுப்பும் எதையும் தொடாதீங்க. கல்யாணப் பத்திரிகை, பி.எம்.கிசான், டிராஃபிக் அபராதம் என்ற பெயர்களில் வரும் இந்த ஃபைல்கள், எஸ்.எம்.எஸ்-ஸை ஒட்டுக்கேட்டு ஓடிபியைத் திருடக்கூடியவை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மொய் நோட்டை யாராவது தொலைப்பாங்களா?

ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது நோட்டில் ஏறும். சில விருந்துகளில் அது கோடி ரூபாய்க் கணக்கு. அடுத்த தடவை யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. வீட்டில் எதைத் தொலைத்தாலும் மொய் நோட்டைத் தொலைக்க மாட்டார்கள். ஆனால் அதே வீட்டில் அப்பாவின் கடைசி போட்டோ, பத்திரத்தின் நகல், குழந்தையின் முதல் நடை எல்லாம் ஒரே ஒரு பழைய போனில் மட்டும் இருக்கும். அந்த போன் கிணற்றடியில் விழுந்தால்?

அதனால் அழிப்பதற்கு முன்னால் பத்திரப்படுத்தணும். இங்கேதான் இரண்டு பெரிய பொறிகள் இருக்கு.

ஒன்று, கூகுள் போட்டோஸ். 2021 ஜூன் 1 முதல் அதில் அளவில்லா இலவசம் கிடையாது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து அந்த 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. 'பேக்கப் ஆயிடுச்சே' என்று நம்பி, கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள்ளேயே படத்தை டெலிட் செய்தால் போனில் மட்டுமல்ல, கூகுள் கணக்கிலிருந்தும் அது போய்விடும். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டும் என்றால், அதில் இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டனைத்தான் அழுத்தணும். தவறுதலாக அழித்திருந்தால், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை 'ட்ராஷ்' பகுதியில் இருக்கும். மீட்டுவிடலாம்.

இரண்டு, ஜிமெயில் கணக்கு. போன் வாங்கும்போது கடைக்காரரே ஒரு ஜிமெயில் ஐடி உருவாக்கிப் போட்டுத் தருவது நம்ம ஊர் வழக்கம். பாஸ்வேர்டு என்னவென்று அவருக்கே மறந்திருக்கும். போன் ரிப்பேர் ஆனால், படங்கள் எல்லாம் கூகுளில் பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் சாவி இருக்காது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் விதியையும் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அமல்படுத்துகிறது. எனவே இன்றைக்கே அம்மாவின் போனில் எந்த ஐடி இருக்கிறது என்று பாருங்க. பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக உங்க நம்பரைக் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைங்க. மொய் நோட்டுக்குப் பக்கத்திலேயே வெச்சாலும் சரி.

'டெலிகாம் கம்பெனியே இலவசமா இடம் தர்றாங்களே' என்று கேட்கலாம். 2025 மே மாதம் ஏர்டெல், போஸ்ட்பெய்டு மற்றும் வைஃபை வாடிக்கையாளர்களுக்கு 100 ஜிபி கூகுள் ஸ்டோரேஜை 6 மாதத்துக்கு இலவசமாக அறிவித்தது. அக்டோபரில் ஜியோ, அன்லிமிடெட் 5ஜி திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2 டிபி ஸ்டோரேஜோடு சேர்த்து கூகுளின் ஏ.ஐ சந்தாவை 18 மாதத்துக்குத் தந்தது. கவனிங்க, பழைய 4ஜி போனில் குறைந்த ரீசார்ஜில் இருப்பவருக்கு, அதாவது இடம் நிஜமாகவே தேவைப்படுபவருக்கு, இரண்டுமே எட்டாக்கனி. கிடைத்தவர்களுக்கும் ஒன்று சொல்லணும்: இலவசத்தை நம்பி 15 ஜிபியைத் தாண்டி நிரப்பினால், காலம் முடிந்ததும் மாதச் சந்தா கட்டுவதா, படங்களை இறக்குவதா என்ற நிலை வரும். அதுதான் அந்த வியாபாரத்தின் கணக்கே.

மாதச் சந்தா இல்லாத வழி, ஓடிஜி பென் டிரைவ் அல்லது மெமரி கார்டு. கார்டு ஸ்லாட் இருந்தால் கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை எஸ்.டி கார்டுக்கு மாற்றிடுங்க. '1 டிபி கார்டு 300 ரூபாய்' என்று வந்தால் வாங்காதீங்க. போலி கார்டுகள் அளவைப் பெரிதாகக் காட்டும். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே புதுப் படத்தை எழுதும், அல்லது திறக்காத ஃபைலாக்கிவிடும். வாங்கிய கார்டை முழுசா நிரப்பி, எல்லா வீடியோவும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பணும். முக்கியமான எதுவும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்பதே அடிப்படை விதி.

ஆதார், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி போன்றவற்றைப் பத்துப் பத்துப் படமாக கேலரியில் சேர்க்க வேண்டியதில்லை. டிஜிலாக்கரில் அந்தந்தத் துறை வழங்கும் ஆவணம், அசலுக்குச் சமமாகச் சட்டப்படி செல்லும். ஆப் போட இடமில்லை என்றால் பிரவுசரிலேயே திறக்கலாம்.

எல்லாப் பொறுப்பும் நம்ம தலையிலா?

இதையெல்லாம் செய்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் தனிமனிதர் என்ன செய்ய முடியும்? 2021-ல் மகாராஷ்டிராவின் அங்கன்வாடிப் பணியாளர்கள், அரசு கொடுத்த 2 ஜிபி ராம் போன்களில் 'போஷன் டிராக்கர்' ஆப்பை ஓட்ட முடியவில்லை என்று போன்களையே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். அரசு கொடுத்த போனுக்கே அந்த நிலை என்றால், சொந்தக் காசில் வாங்கிய ஓட்டை போனில் அரசு வேலையைச் செய்ய வைக்கும்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. அரசு ஆப் எதுவானாலும், அதே வேலையை ஆப் இல்லாமல் இணையதளத்திலோ, எஸ்.எம்.எஸ்-ஸிலோ, ஆள் மூலமாகவோ முடிக்க ஒரு வழி இருக்க வேண்டும். சிலவற்றில் அது ஏற்கெனவே இருக்கு. வாழ்நாள் சான்றை, கட்டணம் செலுத்தினால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுக்கிறார். பி.எம்.கிசான் கே.ஒய்.சி-யைப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம். இந்த வழிகளை 'ஆப் வந்துடுச்சே' என்று மூடிவிடக் கூடாது.

இன்னொன்று, சொல்லிக்கொடுக்க ஆள். 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் மூலம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம் புதுக்கோட்டை. 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு சைக்கிள் செய்ததை இன்றைக்கு போன் செய்கிறது: பேங்குக்கும் அரசாங்கத்துக்கும் அடுத்தவர் துணையில்லாமல் போய்வர உதவுகிறது. ஊர் நூலகத்தில், மகளிர் குழுக் கூட்டத்தில் மாதம் ஒரு மணி நேரம் போதும். எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது, பாஸ்வேர்டு எங்கே இருக்கணும் என்பதைச் சொல்லிக்கொடுக்க இதற்கு மேல் நேரம் வேண்டாம்.

அதுவரை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சாப்பாடு முடிந்ததும் அம்மாவின் போனைக் கையில் எடுங்க. ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்க, ஜிமெயில் பாஸ்வேர்டை எழுதி வைங்க, படங்களை ஒரு பென் டிரைவில் ஏத்துங்க, 1 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கும்படி செய்துகொடுங்க. அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அம்மாவிடம் காட்டிக் கேளுங்க. உங்களுக்குக் குப்பையாகத் தெரியும் மங்கலான ஒரு போட்டோ, அவங்களுக்கு வேறு எதுவாகவோ இருக்கலாம்.